மீன்தலைக் கறி இல்லாத கோலாலம்பூர்

2023, மார்ச் நான்கு, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சிட்னியின் மேற்கோரத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில், வீட்டின் பின்புறம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“கே.எல்-ல எத்தன மணி நேரம் நிப்பீங்க?”

அந்த ஏப்ரலில் நாங்கள் குடும்பத்தோடு சென்னைக்குப் போகவிருந்தோம். வழியில் கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டும். இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்பது மணி நேரம் என்றேன். வேலிப் பலகையின் இடைவெளியில் ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன. ஒன்பது மணி நேரம் என்பதைப் பிறந்த குழந்தையின் எடையைக் கேட்டுக்கொள்பவரைப் போல அவர் கேட்டுக்கொண்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கக் கூடாத மனிதர் ஒருவர் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் தமிழ் படிப்பார். குவேக்கர்ஸ் ஹில் என்று எழுதியிருக்கிறேன். அது வேறு ஊராகவும் இருக்கலாம். முகத்தையும் வருணிக்க மாட்டேன். மற்றவை எல்லாம் உள்ளபடியே.

பக்கத்து வீட்டின் பின்பக்கம் தோட்டத்தில் கட்டிய ஓரறைக் குடியிருப்பில் அவர் வாடகைக்கு இருந்தார். வெஸ்ட்மீட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மெல்ல முடியாதவர்களுக்காகப் பூசணியையும் கேரட்டையும் அவித்து மசித்து, உப்பில்லாமல் கிண்ணங்களில் நிரப்புவதே நாளெல்லாம் அவர் செய்தது. மாலையில் வேலிக்கு வந்து நின்றதும் வேறொரு வேலை தொடங்கிவிடும். சிட்னியிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போகிற தமிழர்களில் பாதிப் பேர் கோலாலம்பூரில் இறங்கி ஏறுகிறார்கள். அவர்களில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர் எவரும் அவரைக் கடக்காமல் விமானம் ஏறியதில்லை.

எத்தனை மணி நேரம் என்பதை முதலில் கேட்பார். பிறகு எந்த வேளையில் இறங்குவீர்கள் என்பார். விடியலில் என்றால் நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின்மேல் மிளகாய்ச் சம்பால், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, பாதி முட்டை. இவற்றை வாழையிலையில் மடித்து, அதன்மேல் பழுப்புக் காகிதம் சுற்றிய கூம்புப் பொட்டலம். அதைக் கடையில் உட்கார்ந்து பிரிக்கக் கூடாது. ஆற்றோரச் சுவரில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பகல் உச்சியில் இறங்குகிறவர்களுக்குச் செண்டோல்: சீவிய பனிக்கட்டிமேல் தேங்காய்ப்பால், பச்சை நிற மாவு இழைகள், மலாக்கா வெல்லப் பாகு. கலக்காமல் முதல் கரண்டி, கலக்கி இரண்டாவது. மழை பெய்தால் ரொட்டி சானாய். மழைச் சத்தமும் கல்லில் மாவு அறையும் சத்தமும் ஒன்றாகக் கேட்கிற கடைதான் நல்ல கடை. சூரியன் சாய்ந்த பிறகென்றால் சாத்தே, குச்சியில் கோத்துக் கரியில் வாட்டிய இறைச்சி. விசிறிக்காரனுக்கு எதிர்த்திசையில் நின்று, புகை முகத்தில் படும்படி சாப்பிட வேண்டும்.

இவற்றை அவர் சமையல்காரர் போலச் சொல்வதில்லை. அளவுகளோ பக்குவமோ அந்தப் பேச்சில் வராது. இடங்களே வரும். ஈரமான நடைபாதை, பூமாலைக் கடையின் குளிர்ச்சி, வளைவில் திரும்பும் ரயிலின் நிழல், கோப்பிக் கடைக் கிழவர் குவளையைத் தட்டில் வைக்கும் ஓசை. கேட்டுக்கொண்டே நிற்கும்போது குடைபோல் விரிந்த எங்கள் துணிக்கொடி மெதுவாகச் சுழலும்; சட்டைகளுக்கு இடையே வேறொரு நகரத்தின் வெயில் விழும். வேலிமேல் வெள்ளைக் காக்கட்டுவாக் கிளிகள் கத்துவதும் அந்த நகரத்தின் ஓசைகளில் ஒன்றாகிவிடும். போகாத ஊருக்குப் போய்த் திரும்பியவளாகக் காலியான துணிக்கூடையோடு நான் வீட்டுக்குள் வருவேன்.

பயணம் போனவர்கள் திரும்பியதும் அவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அது எழுதப்படாத ஒப்பந்தம். கைபேசியில் படம் காட்ட வருகிறவர்களின் கையை அவர் மெல்லக் கவிழ்த்து வைப்பார். “படம் வேணாம்லா. வாயால சாப்ட்டீங்க, வாயால சொல்லுங்க.” முன்வீட்டுக்குக் குடிவந்திருந்த யாழ்ப்பாணத்துச் செவிலியர் ஒருவர் நாசி லெமாக் சாப்பிட்டுத் திரும்பி, “ஓம் அக்கா, சாப்பிட்டனான். ஆனா உறைப்புக் காணாது,” என்றார். இவர் ஒரு கணம் யோசித்து, சம்பாலை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். செவிலியர் சிரித்து ஒப்புக்கொண்டார். உடையில் எண்ணெய் பட்டுவிடும் என்று பயமாக இருந்ததாம்.

என் முறையும் வந்தது. இலக்கியம் படிக்கிறேன் என்பதால் என்னிடம் அதிகம் எதிர்பார்ப்பார் என்று கூசினேன். பொட்டலம் சூடாக இருந்தது, ஆற்றின் நிறம் தேநீர் போலிருந்தது, முட்டையைக் கடைசிக்கு வைத்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வேலியில் நெற்றியைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

அந்தப் பயணத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். பொட்டலக் கடையிலிருந்து செண்டோல் வண்டிக்கு அவர் சொன்ன வழி, சந்தையைச் சுற்றி, மேம்பாலம் ஏறி இறங்கி, கோயிலின் பின்புறமாகப் போனது. நேராக ஒரு தெரு இருந்தது. நிழலும் இருந்தது. அந்தத் தெருமுனையில் நின்று பார்த்தேன்: வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று, வாசலில் பெட்டிகளோடு வரிசையில் நிற்கும் பயணிகள், நடுவே மீன்தலைக் கறியின் பெரிய படம். அந்த ஊருக்கு வருகிறவர்கள் தவறவிடக் கூடாத உணவு என்று கைபேசியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் கடையின் மீன்தலைக் கறி முதலில் வரும். அவர் எவருக்கும் அதைச் சொன்னதில்லை. அவர் சொல்லும் வழிகள் எல்லாம், ஆறு பாறையைச் சுற்றுவது போல, அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின.

காரணத்தை நான் கேட்கவில்லை. அவருடைய இடது காது கேட்காது என்பதை அதற்கு முன்பே அறிந்திருந்தேன். எப்போதும் வலது பக்கத்தை நம் பக்கம் திருப்பி நிற்பார். யாரோ விசாரித்தபோது, அந்தக் காதில் ஒரு முறை சட்டி விழுந்துவிட்டது என்றார். அடுப்படியில் சட்டி காலில் விழும், கையில் விழும். காதில் எப்படி விழும் என்று அன்றிரவு யோசித்தபடி படுத்திருந்தேன்.

மறு ஆண்டு அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நாவில் கசப்பு நின்றுவிட்டது. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். ஒரு நண்பகலில் பக்கத்து வீட்டிலிருந்து அவர் கிண்ணம் ஒன்றைத் துணியால் மூடிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தார். வேலியில்லாமல் அவரை முழுதாக நான் பார்த்தது அரிது. கிண்ணத்தில் மீன் கறி: வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதந்தன, புளிப்புக்கு அடியில் ஏதோ காய்ந்த பழத்தின் இன்னொரு புளிப்பு, மேலே வெந்தயத்தின் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு நாவிலிருந்த கசப்பை எடுத்துக்கொண்டு போனது என்று அம்மா பின்னர் சொன்னார். மாலையில் வேலை முடிந்து வந்த அப்பா மீதியை நின்றபடியே வழித்துச் சாப்பிட்டார். “என்னடி இது, இப்படி ஒரு கைமணமா?” என்று மூன்று நாள் அதையே பேசினார்.

அன்று நண்பகலில், அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதை அடுத்த அறையிலிருந்து நானும் கேட்டேன். அந்தத் தெருவில் இருக்கும் கடை அவருடைய கணவருடையது. மீன்தலைக் கறியின் மசாலாவைச் சேர்த்தவர் இவர். பதினைந்து ஆண்டுகள் அந்த அடுப்பில் நின்றார். கறிக்குப் பெயர் வர வர அடியும் கூடியது. ஒரு நாள் சந்தைக்குப் போன கூடையைச் சந்தையிலேயே வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். இங்கே இருக்கலாம் என்ற அனுமதி வருவதற்கே பல ஆண்டுகள் ஆயின. அன்றுவரை கணவருக்கு எந்த நாடு என்பதே தெரியாது.

“தெரிஞ்சா வருவாரு,” என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “அடிக்கிறதுக்காக வரமாட்டாரு. கூட்டிட்டுப் போக வருவாரு. அதுதான்கா பயம்.” பிறகு, இதை எவரிடமும் சொல்ல வேண்டாம், அண்ணனிடம்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் என்றது என் அப்பாவை. அம்மா சத்தியம் செய்துகொடுத்தார்.

அந்த எச்சரிக்கை நியாயமானது. அப்பா நல்லவர், ஆனால் அவருக்குள் எதுவும் தங்காது. ரயிலில் எதிரே உட்காரும் தமிழர் எந்த ஊர், யார் வகை, நமக்குத் தெரிந்த எவரையாவது அவருக்கும் தெரியுமா என்று கேட்டுக் கேட்டு, இறங்குவதற்குள் ஒரு உறவைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்க முடியாத நாட்களில் மனம் வாடி வீடு வருவார்.

அந்த ஆண்டு ஆவணியில் சித்தப்பா மகளின் திருமணத்துக்கு அப்பா மட்டும் சென்னைக்குப் போனார். திரும்பும்போது கோலாலம்பூரில் ஒரு முழுப் பகல் கிடைத்தது. வேலியோரம் நின்று வழக்கம்போல் அறிவுரை வாங்கிக்கொண்டுதான் போயிருந்தார்.

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பகல் தாண்டி, அப்பா வந்திறங்கினார். பெட்டி திறக்கப்படுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவர் வந்துவிட்டார். கணக்குக் கேட்க வருகிற நாளில் மட்டும் முன்வாசல் வழியாக வருவார். அம்மா தேநீருக்கு வைத்தார். மேசையில் அவருடைய வலது காதுப் பக்கமாக அப்பா உட்கார்ந்தார். பொட்டலச் சோறு, செண்டோல், மழைக்கு ஒதுங்கி நின்ற ரொட்டிக் கடை என்று அப்பா சொல்லிக்கொண்டே வர, அவர் கண்கள் மூடியிருந்தன. வெளியே குளிர்காலம் முடிந்த தெளிவான வெளிச்சம். அந்த நிமிடங்களில் எங்கள் வீடு தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நின்றதாகவே நினைவிருக்கிறது.

“ஆனா ஒண்ணு, சிஸ்டர்,” என்றார் அப்பா. “நீங்க சொல்ல மறந்த ஒரு கடைக்கும் போனேன்.”

அவர் கண்களைத் திறந்தார்.

மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்தி அவரை மகிழ்விக்க வேண்டும் என்பதே அப்பாவின் எண்ணம். எல்லாரும் புகழ்கிற கடை இவருக்குத் தெரியாமலா இருக்கும், சொல்ல விட்டுப்போயிருக்கும் என்று நினைத்திருக்கிறார். வரிசையில் நின்று, இலை போட்டு, மீன்தலைக் கறியை ஊற்றிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாராம்.

“வெச்சதும் எனக்கு நம்ம வீடுதான் ஞாபகம் வந்துச்சு. இவளுக்குக் காய்ச்சல்ல கொண்டுவந்து குடுத்தீங்களே, அதே ருசி. நூல் பிசகல. கல்லாவுல இருந்த முதலாளிகிட்டயே போய்ச் சொல்லிட்டேன். சிட்னில எங்க பக்கத்து வீட்டம்மா, உங்க ஊர்க்காரங்க, இதே கறிய வெப்பாங்க, சொல்லப்போனா அவங்க கை ஒரு மாத்து கூடன்னு.”

அம்மா கெட்டிலைக் கீழே வைத்தார்.

“அவரு கல்லாவ விட்டு எழுந்தாரா?” என்று அவர் கேட்டார்.

“எழுந்தாரா? எழுந்து வந்து என் எதிர்லயே உக்காந்துட்டார், சிஸ்டர். அவ்வளவு மரியாதையான மனுஷன். எந்த ஏரியா, எந்த ஸ்டேஷன்னு அன்பா விசாரிச்சார். போன தீபாவளிக்கு எடுத்த படத்தக் காட்டினேன். பார்த்துட்டு கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. காசே வாங்கல. என் நம்பர வாங்கிக்கிட்டு, உங்களுக்குன்னு இதக் குடுத்து விட்டார்.”

பெட்டியிலிருந்து அப்பா எடுத்து வைத்தது கறித்தூள் பொட்டலம். மேலே மீன்தலையின் படமும் கடையின் பெயரும் இருந்தன. அவர் அதைக் கையில் எடுத்தார். பிரிக்காமலே முகர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் பொட்டலத்தை மேசையில் வைக்க இடம் தெரியாமல் சற்று நேரம் காற்றில் நின்றது.

“மல்லி கருகியிருக்கு,” என்றார்.

அம்மாதான் அப்பாவிடம் சொன்னார், மெதுவாக, இரண்டே வாக்கியங்களில். அப்பாவின் முகம் வற்றியதை நான் பார்க்க நேர்ந்தது. எந்தெந்த விவரம் சொன்னீர்கள் என்று அம்மா கேட்டார். ஊர், ரயில் நிலையம், தெரு. தெருவில் எங்கள் வீட்டு எண்ணும். விருந்துக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டும் வந்திருந்தார்.

“எனக்குத் தெரியாது, சிஸ்டர்,” என்றார் அப்பா. “சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியக் கூடாதுன்னு நாந்தான அண்ணே சொன்னேன்.” அவர் எழுந்து தம் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். “நீங்க சாப்ட்டத சொன்னீங்க. நான் எல்லார்கிட்டயும் கேக்குறதும் அதத்தான.”

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக, ஆனால் ஓசையில்லாமல் நடந்தன. இரண்டு பைகளில் அவருடைய வீடு முழுவதும் அடங்கிவிட்டது. உடன் வேலை செய்த பெண் ஒருத்தியின் தங்கை வேறொரு நகரத்தில் இருந்தாள். எந்த நகரம் என்று எழுத மாட்டேன். காவல் நிலையத்தில் முதலில் சொல்லிவிடலாம் என்று அம்மா வற்புறுத்தினார். போகிற இடத்தில் சொல்கிறேன், இங்கே நின்று சொன்னால் இங்கேயே நிற்க வேண்டியிருக்கும் என்றார். வெளிச்சம் சாய்வதற்குள் அம்மா காரை எடுத்தார். அப்பா பைகளைத் தூக்கி வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவராக வாசற்படியில் நின்றார்.

காரில் ஏறும் முன் அவர் அப்பாவிடம் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் அப்பாவுக்கும் நன்றாக இருந்திருக்கும்.

“மீன் தல பெருசா இருந்துச்சா?” என்று கேட்டார்.

அப்பா தலையசைத்தார்.

“கன்னச் சதைய எடுத்துச் சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“அப்ப சரி,” என்றார். அந்த நேரத்திலும், சாப்பிட்டவரின் வாயிலிருந்து அதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. இத்தனை ஆண்டுகளில் தம் கறியைப் பற்றி அவர் கேட்ட ஒரே கணக்கு அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே அப்பாவின் கைபேசி ஒலித்தது. மலேசியாவின் அறுபதில் தொடங்கும் எண். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பொய் சொல்லப் பழகாதவரின் கை அது. நான் எடுத்தேன். அந்நியரிடம் தொலைபேசியில் பேசுவதென்றால் நான் பல நாள் தள்ளிப்போடுகிறவள்.

குரல் மென்மையாக இருந்தது. அது என்னை அச்சுறுத்தியது. “தங்கச்சி, அப்பா இருக்காங்களா? கே.எல்-லேர்ந்து பேசுறேன். பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு பொட்டலம் குடுத்து விட்டேன். சேர்ந்துச்சா?”

பக்கத்து வீட்டில் மலேசியாக்காரர் எவரும் இல்லை என்றேன். பின்கட்டில் மட்டக்களப்பைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவரும் பெர்த்திலிருக்கும் மகனிடம் போய்விட்டார். அப்பாவுக்கு எல்லா ஊர்த் தமிழும் ஒன்றுபோல் கேட்கும் என்று பொய்களை அடுக்கினேன்.

“படத்துல பாத்தேனேம்மா.”

“அது எங்க பெரியம்மா. திருச்சிலேர்ந்து தீபாவளிக்கு வந்திருந்தாங்க.”

மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அங்கே விடிந்திருக்கவே இல்லை. அப்பாவிடம் கொடுங்கள் என்றது குரல். அப்பா கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமா சார். படத்துல இருந்தது எங்க அண்ணி. மீன் குழம்பு வெச்சதும் அவங்கதான். உங்க கடையில சாப்ட்ட சந்தோஷத்துல ஏதேதோ கலந்து பேசிட்டேன்.” குரல் தடுமாறவில்லை. “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கடைக்காரர் நம்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது. இன்றுவரை எவரும் வந்து கதவைத் தட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து போனவரிடமிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. வரக் கூடாது என்பதே ஏற்பாடு.

அந்த எண்ணைத் தடைசெய்துவிட்டு, தீபாவளிப் படத்தைத் திறந்தேன். எங்கள் கூடத்தில் எடுத்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். அவர் மட்டும் வலது காதை யாருக்கோ கொடுத்து, கண்களை மூடி, ஏதோ சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களிடம் இருந்த அவருடைய படம் அது ஒன்றுதான். ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு அப்பாவின் கைபேசியிலிருந்தும் அம்மாவுடையதிலிருந்தும் என்னுடையதிலிருந்தும் அதை அழித்துவிட்டு, ஒன்பது மணி வகுப்புக்கு ரயிலேறினேன்.